விரிசல்களை நலம் விசாரிப்பவர்

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏணியின் நான்காவது படியில் நின்றபடி அவர் மாமியாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலை மணி ஆறு. தேவாலயத்தில் வேறு யாரும் இல்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, டார்ச்சைக் கையில் எடுத்து, "மாமியார் இன்னிக்கு நல்ல மூடுல இருக்காங்க" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு இறங்குகிறார்.

மாமியார் என்பது ஒரு விரிசல். தெற்குச் சுவரில் இரண்டாவது ஜன்னலின் மேல் மூலையில் கிளம்பி, கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று இடதுபக்கம் திரும்பும். "வெயில் அடிச்சா முறைக்கும். மழை பெஞ்சா சாந்தமாயிடும். அதான் அந்தப் பேரு." இந்த விளக்கத்தைத் தம் சொந்த மாமியார் முன்னிலையிலேயே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சிரித்தார் என்பது இவர் கட்சி. இவர் மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை.

பாட்டுக்குழு நிற்கும் மாடத்தின் கீழே, பெரிய வளைவில் இருக்கும் விரிசலுக்குப் பெரியவர் என்று பெயர். அது அசைந்து பல வருடமாகிறது. பீடத்துக்கு வலப்பக்கம், ஒரு சாண் இடைவெளியில் ஒன்றுபோல் ஓடும் இரண்டும் இரட்டையர். ஐந்தாவது, மணிக்கூண்டும் கோயிலும் சேருமிடத்தில் தரையிலிருந்து கூரை வரை செங்குத்தாக நிற்பது. அதன் பெயர் சம்பந்தி. இந்த ஐந்தின் குறுக்கிலும் விரல் நீளக் கண்ணாடிப் பட்டை ஒன்று, இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டப்பட்டிருக்கும். பட்டையின் கீழோரத்தில், அதை ஒட்டிய தேதி. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, பட்டென்று உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் நகரவில்லை என்று அர்த்தம்.

அவருக்கும் தேவாலயத்துக்கும் உத்தியோக ரீதியாக எந்தச் சம்பந்தமும் கிடையாது. எதிர்வரிசையில் மூன்றாவது கடை அவருடையது. படங்களுக்குச் சட்டம் போடுவது, முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டிக் கொடுப்பது, உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி பொருத்துவது, இதுதான் தொழில். ஊரில் அவரை விரிசல் அண்ணன் என்பார்கள். பாராட்டா கிண்டலா என்று அவர் ஆராய்ந்ததில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருமுன் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார். டீ வருவதற்குள் விரல் மடக்கி ஒரு இடத்தில் தட்டியும் பார்த்துவிடுவார். "இந்தச் சுவரு இன்னும் ரெண்டு வருஷத்துல வாயத் திறக்கும்" என்று அவர் ஒரு கல்யாண வீட்டில் சொன்னது, பெண்ணின் அப்பா காதில் விழுந்து பெரிய ரசாபாசமாகிவிட்டது. புது வீடு கட்டியவர்கள் இப்போதெல்லாம் அவர் மனைவியை மட்டும் தனியாக அழைக்கிறார்கள்.

தேவாலயத்தோடு இந்த நட்பு தொடங்கியதே ஒரு தப்புக் கணக்கில்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெருங்காற்றில் தேவாலயத்து ஜன்னல்களெல்லாம் நொறுங்கின. அளவெடுக்க வந்த அவர் தெற்குச் சுவரில் ஏழு ஜன்னலை எண்ணினார். எதிர்ச்சுவரைத் தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார். அங்கும் ஏழு. பதினாலுக்கும் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்து, வடக்குச் சுவரின் கடைசி ஜன்னலில் உளியை வைத்தபோதுதான் அது ஜன்னலே இல்லை என்று தெரிந்தது. உள்ளே மாடிப்படி ஏறுவதால் அந்த இடத்தில் சுவரைத் திறக்க முடியாமல், இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டுமென்று, பழைய கொத்தனார் ஒருவர் பூச்சிலேயே சட்டம், கம்பி, கண்ணாடி எல்லாம் வரைந்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடியில் ஒரு மேகம்கூட இருந்தது.

"எனக்கு வெக்கமா போச்சு. ஆனா அந்த ஆள நெனச்சா சந்தோஷமாவும் இருந்துச்சு. கண்ணாடிக்காரனையே ஏமாத்திட்டான் பாருங்க" என்பார். அன்று உளியோடு அங்கேயே உட்கார்ந்து, முதல்முறையாக அந்தக் கட்டடத்தை நிதானமாகப் பார்த்தார். பார்த்தவர் பிறகு விடவில்லை. மிஞ்சிப்போன அந்த ஏழாவது ஜன்னல் கண்ணாடியிலிருந்துதான் இன்றுவரை விரிசல்களுக்குப் பட்டை வெட்டுகிறார்.

வெளியூர்க்காரர் யாராவது கேமராவோடு வந்துவிட்டால் அவர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்துவிடுவார். "இது ஒரு கட்டடம் இல்லீங்க, மூணு" என்றுதான் ஆரம்பிப்பார். முதலில் கட்டியது சின்னக் கல் மண்டபம். அதில் மிச்சமிருப்பது பின்புறச் சுவர் மட்டும். நாலடிப் பருமன், முழுக்கக் கல். அதில் விரிசலும் இல்லை, பூச்சும் இல்லை. வந்தவர்கள் அதைப் படமெடுக்கப் போனால் அவருக்குப் பொறுக்காது. "அதுக்கு ஒரு கேடும் கெடையாது, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். நோயில்லாதவரைப் போய்ப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

இரண்டாவது, சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த பெரிய கூடம். பக்கத்துக்கு ஆறு வளைவு. அதில் ஐந்தாவது வளைவின் அடிவயிற்றில் பூச்சு கிடையாது. வளைவு கட்டும்போது செங்கல் விழாமல் தாங்கப் பலகை கட்டியிருந்தார்கள் அல்லவா, அந்தப் பலகைகளின் ரேகை, ஆணித் தலை உட்பட, சுண்ணாம்பில் அப்படியே பதிந்திருக்கிறது. பூச வந்தவர் மறந்துபோனார். "எல்லாத்தையும் ஒழுங்கா முடிச்சிருந்தா நமக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?" என்று இதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி.

மூன்றாவது மணிக்கூண்டு. கூடம் கட்டி எழுபது வருடம் கழித்து, வேறு ஆட்கள், வேறு அஸ்திவாரம், மூன்று அடுக்கு. கூடத்துச் சுவரில் பல்லுப் பல்லாகக் கல்லை விட்டுக் கோத்திருக்க வேண்டும், கோக்கவில்லை. பக்கத்தில் நிறுத்திவைத்துப் பூசிவிட்டார்கள். "கைகோத்து நிக்க வேண்டியவங்க தோளு உரசிட்டு நிக்கிறாங்க. கல்யாணத்துல ரெண்டு குடும்பம் நிக்குமே, அந்த மாதிரி. சிரிச்சிக்கிட்டுத்தான் நிப்பாங்க, ஆனா நடுவுல ஒரு கோடு இருக்கும்." சம்பந்திக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

அந்தக் கோடு போன வருடம், தேவாலயத்தை நிர்வகிக்கும் பங்குக் குழுவின் கண்ணில் பட்டது. உடனே ஒரு பொறியாளரை வரவழைத்தார்கள். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். மணிக்கூண்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நூத்தியெண்பது நாள் பார்ப்போம். கண்ணாடி உடையாம இருந்தா கூண்டு இருக்கட்டும். உடைஞ்சா, மழைக்கு முன்னாடி மேல ரெண்டு அடுக்கையும் இறக்கிடணும்" என்றார். சம்பந்தியின் குறுக்கே புதுக் கண்ணாடிப் பட்டை ஒட்டச் சொல்லி, அதன் இருபுறமும் பித்தளை ஆணி ஒவ்வொன்று அறைந்து, இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டார். தினமும் பார்க்கும் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று குழு யோசிக்கும் முன்பே, அவர் டார்ச்சோடு வந்து நின்றார்.

மணிக்கூண்டை இறக்குவது என்றால் அவருக்கு என்ன? கடைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வாசலில் விற்பனைக்குச் சாய்த்து வைத்திருக்கும் இருபது முகக்கண்ணாடிகளிலும் மணிக்கூண்டு நிற்கிறது. சிலதில் முழுசாக, சிலதில் பாதியாக, வட்டக் கண்ணாடியில் மணி மட்டும். காலையில் கண்ணாடிகளைத் துடைக்கும்போது அவர் இருபது மணிக்கூண்டுகளைத் துடைக்கிறார். அது இல்லாமல் வெறும் வானம் மட்டும் தெரிவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தார். அவரும் சிரித்தார்.

ஆகவே ஒரு பள்ளி நோட்டை வாங்கி, தினமும் காலையில் ஒரே ஒரு வரி எழுதினார்: ஐவரும் நலம். மறுநாளும் ஐவரும் நலம். காய்ச்சலோடு போன நாளும் உண்டு. அன்று எழுதியது: ஐவரும் நலம், எனக்குத்தான் காய்ச்சல்.

நூற்று அறுபத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தியின் கண்ணாடி உடைந்திருந்தது.

ஒரு துண்டு தரையில் கிடந்தது. மிச்சம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் பதினோரே நாள். விழுந்த துண்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தவர், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே அந்த ஏழாவது ஜன்னல் கண்ணாடியின் மிச்சத்தை எடுத்து மேஜையில் வைத்து, கண்ணாடி அறுக்கும் வைரமுனையால் ஒரு கோடு இழுத்து, அதே அளவில் ஒரு பட்டையை வெட்டினார். அதில் நூற்று அறுபத்தொன்பது நாளைக்கு முந்தைய தேதியையும் எழுதினார். அதே பேனா, அதே கையெழுத்து. போய் ஒட்டினால் ஐந்து நிமிட வேலை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

தேதி காயட்டுமென்று ஊதிக்கொண்டே நிமிர்ந்தார். இருபது கண்ணாடியிலும் மணிக்கூண்டு. அதன் கீழே திறந்த வாசல். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊரே அந்த வாசல் வழியாகத்தான் பூசைக்கு நுழையும். பட்டையைத் திருப்பி வைத்தார். நோட்டை எடுத்தார். நால்வர் நலம், சம்பந்தி உடைந்தது, என்று எழுதினார். பிறகு பொறியாளருக்குப் போன் போட்டுச் சொன்னார். "நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் கூண்டுக்குக் கீழ யாரும் நிக்க வேணாம்" என்று பதில் வந்தது. கயிறு ஒன்றை எடுத்துப்போய் மணிக்கூண்டு வாசலின் குறுக்கே கட்டி, வந்தவர்களையெல்லாம் பக்கவாசலுக்குத் திருப்பிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "இன்னிக்கு இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார். குரல் சரியாக வரவில்லை.

அன்றைக்கு ஃபாதரின் பிரசங்கமும் சரியாக வரவில்லை. வந்து மூன்று வருடமாகும் இந்த ஃபாதருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வார்த்தை அருவியாகக் கொட்டும். அரை மணிக்குக் குறைந்து இறங்கியதில்லை. அன்று உண்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கயிறு கட்டிய வாசலைப் பார்த்து, மென்று விழுங்கி, ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். ஜனங்கள் ரொம்பத் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி கையை நீட்டினார்.

"எங்க, அந்தத் துண்டக் குடுங்க."

கொடுத்தார். அவர் மனைவியும் இருபத்திரண்டு வருடமாக அதே மேஜையில் கண்ணாடி வெட்டுகிறவர். துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், திருப்பினார், பிறகு கணவரைப் பார்த்தார்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"இது என்ன கேள்வி?"

"சும்மா சொல்லுங்க. கண்ணாடி இழுத்து ஒடஞ்சா எப்படி ஒடையும்?"

"ஒரே கோடாத்தான் ஒடையும்."

"இது பாருங்க. ஒரு புள்ளியிலேர்ந்து நாலாபக்கமும் ஓடியிருக்கு. சுவரு ஒடைக்கல. யாரோ எதையோ விட்டு அடிச்சிருக்காங்க."

அவர் துண்டைப் பிடுங்கிப் பார்த்தார். காலையிலிருந்து அதை அவர் சொந்தக்காரராகத்தான் பார்த்தாரே தவிர, கண்ணாடிக்காரராகப் பார்க்கவில்லை. மூளை அப்போதுதான் கடையைத் திறந்தது. அடித்தது யார், எதனால் என்று இருவரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே கடை வாசலில் நிழல் தட்டியது.

ஃபாதர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வராமல் அங்கியின் பையில் கையை விட்டபடி நின்றார். இருபது கண்ணாடிகளிலும் இருபது ஃபாதர்கள் அசடு வழிந்துகொண்டு நின்றார்கள்.

"அண்ணே, ஊர்ல எல்லாரும் அவங்க பாவத்த எங்கிட்ட வந்து சொல்லுவாங்க. இன்னிக்கு நான் உங்ககிட்ட சொல்ல வந்திருக்கேன்" என்றார். பையிலிருந்து கை வெளியே வந்தது. கையில் ஒரு டென்னிஸ் பந்து.

விஷயம் இதுதான். பிரசங்கம் யோசிக்கும்போது ஃபாதருக்குச் சும்மா உட்கார்ந்தால் வார்த்தை வராது. பந்தைச் சுவரில் அடித்து அடித்துப் பிடித்தால்தான் வரும். படிக்கிற காலத்திலிருந்து பழக்கம். சனிக்கிழமை மத்தியானம், சம்பந்தி நிற்கும் மணிக்கூண்டின் கீழறை காலியாக, குளிர்ச்சியாக இருக்கும். நேற்று ஒரு நல்ல வரி அகப்பட்ட சந்தோஷத்தில் கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம்.

"நேத்தே வந்து சொல்லியிருக்கணும். சாமியார் பந்து வெளையாடி மணிக்கூண்டு போச்சுன்னு ஊரு பேசுமேன்னு பயந்துட்டேன். இன்னிக்கு நீங்க கயிறு கட்டிட்டு நின்னதப் பாத்தேன். அதுக்கப்புறம் என்னால பேச முடியல, அண்ணே."

அவருக்குக் கோபப்பட வேண்டுமா கட்டிப்பிடிக்க வேண்டுமா என்று புரியவில்லை. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கடைசியில், "ஃபாதர், இவ்வளவு நல்ல பாவத்த நான் கேட்டதே இல்ல" என்றார் அவர். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் பொறியாளர் வந்தார். முதலில் பித்தளை ஆணிகளின் இடைவெளியை அளந்தார். மாறவில்லை. ஆனாலும் அவர் தலையை ஆட்டவில்லை. "சுவரு தெறந்து மூடியிருந்தா ஆணிக்குத் தெரியாது. கண்ணாடிக்குத்தான் தெரியும். பந்துதான் ஒடச்சுதுன்னு நான் எத வச்சு எழுதறது? ஃபாதர் சொன்னார்னா எழுத முடியும்?"

விரிசல் அண்ணன் இதற்குத் தயாராகவே வந்திருந்தார். இரண்டு மரக்கட்டைகளை அருகருகே வைத்து, குறுக்கே ஒரு பட்டையை ஒட்டிக் காயவைத்திருந்தார். அதே ஏழாவது ஜன்னல் கண்ணாடி. கட்டைகளுக்கு நடுவே ஆப்பை வைத்து மெதுவாகத் தட்டினார். பட்டை நடுவில் ஒரே கோடாக உடைந்தது. "இது சுவரு ஒடைக்கிறது." அடுத்த ஜோடியைச் சுவரோரம் நிறுத்தினார். "ஃபாதர், நீங்க வாங்க."

குழுவினர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஃபாதர் அங்கியின் கையை மடித்துக்கொண்டு பந்தை வீசினார். முதல் பந்து கதவில் பட்டது. இரண்டாவது பொறியாளரின் காதோரமாகப் போயிற்று. "சும்மா இருக்கறப்ப எப்படித்தான் பட்டுதோ" என்று முனகிக்கொண்டே மூன்றாவதை வீசினார், தூணில் பட்டுத் திரும்பி அவர் நெற்றியிலேயே விழுந்தது. நாலாவது பட்டது. பொறியாளர் குனிந்து உடைந்த பட்டையை எடுத்தார். ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கீறல். கண்ணாடிக்காரர் கொடுத்திருந்த பழைய துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சிரித்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"புதுசு ஒட்டுங்க. மீதிப் பதினோரு நாள் பார்ப்போம்."

ஒட்டினார். அன்றைய தேதியைத்தான் எழுதினார். முதலில் வெட்டி வைத்திருந்த, பொய்த் தேதி போட்ட அந்தப் பட்டையை என்ன செய்தார் என்று கேட்டால், "அத ஒடச்சு குப்பையில போட்டாச்சு, ஒரே கோடாத்தான் ஒடஞ்சுது" என்கிறார்.

பதினோரு நாளும் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார், காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. கண்ணாடி கல்லுப்போல் இருந்தது. பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. மணிக்கூண்டு இருக்கலாம். கூடத்தோடு அதை இரும்புக் கம்பியால் ஐந்து இடத்தில் கோத்துவிட வேண்டும். அவ்வளவுதான். "எழுபது வருஷம் பிந்திக் கட்டினாங்க, இப்பவாவது கைகோக்க விடறாங்களே" என்று சொல்லி அவர் கடிதத்தை மனைவியிடம் கொடுத்தார். மனைவி அதற்கு அன்றைக்கே சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். கண்ணாடிக்கு ஏழாவது ஜன்னல்தான்.

ஃபாதர் மட்டும் வாடிப்போயிருந்தார். பந்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். இரண்டு ஞாயிறாகப் பிரசங்கம் எழுதி வைத்துப் படிக்கிறார். அரை மணி நேரம்தான், ஆனால் ஒரு வார்த்தைகூட மனதில் ஒட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் ஏணியைச் சாய்த்து ஒவ்வொருவரையும் பார்த்தார். பெரியவர், மாமியார், இரட்டையர், சம்பந்தி. நோட்டில் ஐவரும் நலம் என்று எழுதினார். வழக்கமாக அதோடு கடைக்குத் திரும்பிவிடுகிறவர், அன்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒருநாளும் நலம் விசாரிக்காத அந்த நாலடிக் கல் சுவர் அங்கே நின்றது. விரலை மடக்கி ஒருமுறை தட்டினார். பிறகு பையிலிருந்து கண்ணாடிக்குக் குறியிடும் சுண்ணக்கட்டியை எடுத்து, ஃபாதரின் தோள் உயரத்தை மனதில் அளந்து, சுவரில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதன் கீழே தேதியை எழுதினார்.